தினமும் நாலு நிமிடம் முன்னால்

கரடியூர்,
10.12.2024

பைசல் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. உங்கள் ஓசூர் முகவரியை ஏற்காடு பஜார் கடையில் உங்கள் அக்கா ரிஸ்வானாவிடம் வாங்கினேன். "எதுக்குங்க ரஞ்சனி? ரெண்டு ஊடும் பட்டது போதாதுங்களா?" என்று கேட்டார். நான் கடைப் படியை விட்டு இறங்கவில்லை. கடைசியில் பேனாவை எடுத்தார்.

ஒரே கேள்விதான். அந்த விளக்கை மறுபடியும் எரியவிடுவது யார்?

எங்கள் ஜன்னலில் இருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் சுற்றுலா விடுதியின் பாறைமுனை தெரியும். உங்களுக்குத் தெரியாத இடமில்லை. நீங்கள் கம்பம் நட்டு சோடியம் விளக்கு மாட்டிய இடம். அந்த விளக்கை எங்கள் வீட்டு கேட் விளக்கு என்று நம்பி, பனிமூட்டத்தில் என் கணவர் சத்யராஜ் நடந்து போய் விழுந்த இடம். வருகிற ஜனவரி எட்டாம் தேதியோடு இரண்டு வருடம்.

பத்து நாளாக அங்கே ஒரு வெளிச்சம் வருகிறது. தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது பார்க்கிறேன். பாறைக்குச் சற்று மேலே, அதே உயரம், அதே மஞ்சள். நடுங்கிக்கொண்டே எரிகிறது. யாரோ கையில் பிடித்து மெதுவாக உயர்த்துவது போல ஒரு விரல்கடை மேலே ஏறுகிறது. பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. நேற்று எட்டு ஐம்பத்திரண்டுக்கு வந்தது. போன வருடமும் இதே சமயத்தில் சில நாட்கள் பார்த்தேன். அப்போது என் கண்ணை நான் நம்பவில்லை. இந்த வருடம் நம்பாமல் இருக்க முடியவில்லை.

அத்தைக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது. மகன் விழுந்த இடத்தில் விளக்கு எரிகிறது என்று அவரிடம் நான் சொல்லப்போவதும் இல்லை.

கேஸ் பிப்ரவரியில் விசாரணைக்கு வருகிறது. அதற்காக விடுதிக்காரர்களோ நீங்களோ அங்கே எதையாவது எரியவிட்டு அளந்து பார்க்கிறீர்கள் என்றால், தயவுசெய்து நிறுத்துங்கள். ஜன்னலை அடைத்துவிடலாம் என்றால் மிஷினுக்கு அந்தப் பக்கத்து வெளிச்சம்தான்.

சிவரஞ்சனி


ஓசூர்,
15.12.2024

அண்ணிக்கு,

அப்படி எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு எப்படியும் எழுத வரவில்லை. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

உங்களோடு பேசக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். "அவங்க உனக்கு எதிர் சாட்சிப்பா. போன்ல ஒரு வார்த்தை பேசுனாலும் உன் கழுத்துக்குத்தான் வரும்" என்றார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அண்ணி, அந்த விளக்கு அங்கே இல்லை. போலீஸ் கழற்றிச் சாக்குப்பையில் கட்டி எடுத்துப்போனது. நானே கையெழுத்துப் போட்டேன். கம்பத்தையும் வெட்டிவிட்டார்கள். விடுதி அன்று பூட்டியது, இன்றுவரை திறக்கவில்லை, கரண்ட் லைனும் கிடையாது. நான் மலையேறி இருபத்திரண்டு மாதம் ஆகிறது. யாரும் எதையும் அளக்கவில்லை. அல்லாஹ் மீது ஆணையாகச் சொல்கிறேன்.

ஆனால் நீங்கள் பொய் எழுதுகிறவர் இல்லை. பார்த்தேன் என்றால் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கடிதம் வந்ததில் இருந்து எனக்கும் தூக்கம் சரியில்லை. அதனால் மூன்று காரியம் செய்து பாருங்கள்.

முதலில், அது எப்படிப் பற்றுகிறது என்று கவனியுங்கள். சோடியம் விளக்கு போட்டவுடன் மஞ்சளாகாது. இளஞ்சிவப்பாகத் தொடங்கி, நாலைந்து நிமிடம் கழித்துத்தான் மஞ்சளுக்கு வரும். எல்இடி என்றால் போட்ட நொடியே முழுதாக எரியும். அடுத்தது, வீட்டில் பழைய சிடி இருந்தால் அதில் வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பாருங்கள். தீ, குண்டு பல்பு என்றால் வானவில் முழுதாகத் தெரியும். சோடியம் மாதிரி வாயு விளக்கு என்றால் வானவில் அங்கங்கே அறுந்து தெரியும். இது இரண்டும் முடியாவிட்டாலும், வருகிற நேரத்தை மட்டும் தினமும் குறித்து வையுங்கள்.

இதெல்லாம் சொல்ல இப்போது நான் விளக்குக்காரனும் இல்லை. ஒரு பட்டறையில் பிளாஸ்மா கட்டிங் செய்கிறேன். காற்றை மின்சாரத்தால் கிழித்துவிட்டால் அது இரும்பை வெண்ணெயாக அறுக்கும். நாளெல்லாம் கறுப்புக் கண்ணாடி முகமூடி. அறைக்கு வந்தால் பல்பு போடுவதில்லை. உங்கள் கேட் விளக்கும் விடுதி விளக்கும் நான் ஒரே பெட்டியில் இருந்து எடுத்து மாட்டியவை. "பனிக்கு மஞ்சள் லைட்டுதாங்கண்ணா நல்லது" என்று சத்யா அண்ணனிடம் சொன்னதும் நான்தான். ஒரே மஞ்சள். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

பைசல்


கரடியூர்,
24.12.2024

பைசல் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னதைச் செய்தேன். உங்களுக்காக இல்லை. எனக்குத் தெரிய வேண்டும்.

அது இளஞ்சிவப்பாகத் தொடங்கவில்லை. பட்டென்று எரியவும் இல்லை. பாறைக்குப் பின்னால் இருந்து கசிந்து வருகிறது. முதலில் சிவப்பு கலந்த மஞ்சள், பிறகு நடுக்கம், பிறகு நிலைக்கிறது. பழைய பாட்டு சிடி ஒன்றைச் சாய்த்துப் பார்த்தேன். ரோட்டு விளக்கில் கோடு கோடாக அறுந்த வானவில் தெரிந்தது. அடுப்புத் தீயில் முழுதாகத் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியவில்லை. எத்தனை சாய்த்தாலும் வெறும் தட்டுதான்.

பகலில் விடுதிக் காவலாளி பெரியண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை அந்த கேட்டைத் தாண்டினேன். கம்பம் இருந்த இடத்தில் அடிக்குழியும் நாலு ஆணியும்தான் இருக்கின்றன. அதைச் சுற்றி உண்ணிப்பூச் செடி முளைத்துவிட்டது. அங்கிருந்து கீழே பார்க்கவில்லை. "இங்க ஒரு பீடி நெருப்புக்கூட கெடையாதுங்கம்மா. பொழுதோட நான் ஊட்டுக்குப் போயிருவனுங்க" என்றார் பெரியண்ணன். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சேர்வராயன் கோயிலுக்கு ஒருக்கா போயிட்டு வாங்கம்மா" என்றார்.

நேரமும் குறித்தேன். பதினெட்டாம் தேதி எட்டு பதினெட்டு. பத்தொன்பது, எட்டு பதினாலு. இருபது, எட்டு பத்து. இருபத்தொன்று பனி, ஒன்றும் தெரியவில்லை. இருபத்திரண்டு, எட்டு இரண்டு. நேற்று ஏழு ஐம்பத்தொன்பது.

என்ன நடக்கிறது என்று தெரிகிறதா? தினமும் ஏறக்குறைய நாலு நிமிடம் முன்னால் வருகிறது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. யாரோ கணக்காக நடந்து நெருங்கி வருவது போல. காலண்டரை எடுத்து வரப்போகும் நாட்களை எண்ணிப் பார்த்தேன். இதே போல வந்தால் ஜனவரி எட்டாம் தேதி ஆறு ஐம்பத்தைந்துக்கு அது அங்கே நிற்கும்.

ஆறு ஐம்பத்தைந்து. அவர் கடைசியாக என்னைப் போனில் கூப்பிட்ட நேரம். "நம்மூட்டு லைட்டு தெரியுது, வந்துட்டேன்" என்றார். போலீஸ் காகிதத்தில் இருக்கிறது, நீங்களும் படித்திருப்பீர்கள்.

நான் பேய் பிசாசுக்குப் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் இப்போது ஏழரை ஆனால் கால் மிதிப்பதை நிறுத்திவிடுகிறது, மிஷின் ஓடமாட்டேன் என்கிறது. அவர் ஏதோ கேட்க வருகிறார் என்று தோன்றுகிறது. என்ன கேட்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

சிவரஞ்சனி


ஓசூர்,
30.12.2024

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு நேரத்தில் அந்த நேரங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மிஷினில் அருள்சாமி என்று ஒருவர் இருக்கிறார். கன்னியாகுமரிப் பக்கம், அப்பாவோடு படகில் போய் வளர்ந்தவர். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஒரு வெளிச்சம் தினமும் நாலு நிமிடம் முன்னால் வருகிறது என்று மட்டும் சொன்னேன். மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "பிந்தி வந்தா அது நிலா. நாலு நிமிசம் முந்தி வந்தா அது நட்சத்திரம். இதுல என்ன மக்கா சந்தேகம்?"

திசை கேட்டார். தெற்கு, கொஞ்சம் கிழக்கு தள்ளி என்றேன். "மார்கழில அங்க வேற என்ன இருக்கு? அகத்தியர்தான்" என்றார்.

அண்ணி, அது அகத்திய நட்சத்திரம். பாறைக்குப் பின்னால் உதிக்கிறது. தரையோடு ஒட்டி இருக்கும்போது சேலத்துப் புழுதியும் புகையும் வழியில் இருப்பதால் மஞ்சளாகவும் நடுங்கியும் தெரியும். பத்து நிமிடத்தில் அணைவது போல இருப்பது, உங்கள் வேலியோரத்து சில்வர் ஓக் கிளைக்குப் பின்னால் அது ஏறிவிடுவதால்தான். நட்சத்திர வெளிச்சம் சிடியில் தெரியும் அளவுக்குப் போதாது.

அடுத்த தடவை அது வரும்போது ஜன்னலை விட்டு வெளியே வாருங்கள். கிணற்றுப் பக்கம் இருபது அடி நடந்து நின்று பாருங்கள். கிளையைத் தாண்டி அது மேலே மேலே போவது தெரியும்.

ஒரு வருடம் கழித்து அதே தேதியில், அதே நேரத்துக்கு, அதே இடத்துக்கு நட்சத்திரம் திரும்பிவிடுமாம். எட்டாம் தேதி ஆறு ஐம்பத்தைந்துக்கு அது அங்கே நிற்பது அதனால்தான். அண்ணன் போன அன்றும் அங்கேதான் நின்றிருக்கும். பனியில் யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் இரும்பு அறுக்கும் தீயும் அந்த நட்சத்திரமும் ஒரே சரக்கு என்று எங்கள் பட்டறை இன்ஜினியர் சொல்கிறார். இரண்டுமே பிளாஸ்மாதானாம். மின்னலும், சோடியம் விளக்குக்குள் எரிவதும்கூட. எனக்கு ஒரு வித்தியாசம்தான் தோன்றுகிறது. அந்த நட்சத்திரத்தை யாரும் போட்டுவிட்டுப் போகவில்லை.

உங்கள் பயம் தீர வேண்டும் என்றுதான் எழுதினேன்.

பைசல்


கரடியூர்,
4.1.2025

பைசல்,

கிணற்றடியில் நின்று பார்த்தேன். கிளையைத் தாண்டிப் போனது. நட்சத்திரம்தான்.

என்னிடம் இருந்து அவரை இரண்டாவது தடவை எடுத்துக்கொண்டீர்கள். பயந்தேன் என்று எழுதினேனே, வரக் கூடாது என்று எழுதினேனா? தினமும் ஏழரைக்கு நான் எதற்காகத் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. இனி எழுத வேண்டாம்.

சிவரஞ்சனி


கரடியூர்,
9.1.2025

பைசல்,

எழுத வேண்டாம் என்று சொன்னது நான். எழுதுவதும் நான்தான். பாதியில் நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன், அதனால் ஒரே மூச்சில் எழுதுகிறேன்.

அன்று எங்கள் கேட் விளக்கு எரியவில்லை. நான்தான் அணைத்தேன்.

சேலத்தில் ஒரு லேடி டாக்டர் மாதம் ஒரு ஞாயிறு மட்டும் வருவார். கல்யாணமாகி ஆறு வருடமாகக் குழந்தை இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் டெஸ்ட் எடுப்பேன் என்று சொல்லியிருந்தார். முதல் தடவை என் கணவர் எஸ்டேட்டில் எடை போடும் நாள் என்று வரவில்லை. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வேலைக்கு அது ஒரு சாக்கு. அடுத்த தடவை தலைவலி. மூன்றாவது தடவைதான் அந்த எட்டாம் தேதி. "பத்து மணிக்கு வந்தர்றேன், நீ ரெடியா இரு" என்று பஜாருக்குப் போனார். சேலை கட்டிக்கொண்டு மாலை ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். அத்தை நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும்தான்.

ஆறேகாலுக்குப் போன் செய்தார். டெஸ்ட்டில் தன் பேரில்தான் குறை என்று வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றார். முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. "உங்களுக்கு எதுக்குங்க ஊடு, வெளக்கு எல்லாம்? இருட்டுலயே வாங்க" என்று சொல்லிவிட்டு கேட் ஸ்விட்சை அணைத்தேன்.

ஆறு ஐம்பத்தைந்துக்கு மறுபடி போன். "ரஞ்சி, கோவிச்சுக்காத. நம்மூட்டு லைட்டு தெரியுது. வந்துட்டேன்."

நான் ஸ்விட்ச் பக்கத்திலேயே நிற்கிறேன், பைசல். விளக்கு எரியவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறார், இன்னும் பஜாரில்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணுங்க" என்று வைத்துவிட்டேன். நம்ம லைட் எரியலைங்க, நீங்க பாக்கறது வேற, அங்கியே நில்லுங்க. இந்த ஒரு வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மறுநாள் போலீஸ் கேட்டபோது, முதல் பஸ்ஸில் வந்திருந்த அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எரிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டேன். வாயில் இருந்து வந்த அந்தச் சொல்லை வைத்துத்தான் உங்கள் மேல் கேஸ் நிற்கிறது. இரண்டு விளக்கும் ஒரே மஞ்சள், அவர் ஏமாந்தார் என்று.

நேற்று எட்டாம் தேதி. ஐந்து மணிக்கே பனி இறங்கிவிட்டது. அன்று போலவே கெட்டிப் பனி. அத்தை திதிக்கு வந்தவர்களோடு உள்ளே இருந்தார். நான் இரண்டு வருடத்தில் முதல் தடவை கேட் விளக்கைப் போட்டேன். இளஞ்சிவப்பாகப் பற்றி, நீங்கள் சொன்னது போலவே, மெதுவாக மஞ்சளுக்கு வந்தது. பிறகு பாதை இரண்டாகப் பிரியும் கவை வழி வரைக்கும் நடந்தேன். இடது பக்கம் எங்கள் வீடு, வலது பக்கம் விடுதி, பாறை. ஆறு ஐம்பத்தைந்துக்கு அங்கே நின்றேன்.

அந்தப் பனியில் எங்கள் விளக்கு தெரியவே தெரியாது என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. தெரியாவிட்டால் நான் போட்டிருந்தாலும் அணைத்திருந்தாலும் ஒன்றுதானே.

தெரிந்தது, பைசல். தண்ணீரில் மஞ்சள் கரைத்தது போல, மங்கலாக, ஆனால் தெரிந்தது. அதை நான் அணைக்காமல் இருந்திருந்தால் அவர் இடது பக்கம் திரும்பி வந்து சேர்ந்திருப்பார். வலது பக்கம் ஒன்றும் இல்லை. பனிக்குப் பின்னால் உங்கள் நட்சத்திரமும் இல்லை. அவர் வந்து நின்று கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். யாரும் வரவில்லை.

விசாரணைக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.

சிவரஞ்சனி


ஓசூர்,
15.1.2025

அண்ணிக்கு,

எனக்குத் தெரியும் அண்ணி. அன்றைக்கே தெரியும்.

ஆறேகாலுக்கு நான் விடுதிக் கம்பத்தில் ஏணி மேல் நின்று கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் உங்கள் கேட் விளக்கு நேராகத் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்தது. நான் மாட்டிய விளக்கு அல்லவா, சோக் போய்விட்டது போலிருக்கிறது, நாளைக்கு வந்து மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். பள்ளத்தில் இருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானம் பஜாரில் அண்ணனைப் பார்த்திருந்தேன். இந்த வழியில்தான் இருட்டில் வருவார் என்று நினைத்தேன்.

விடுதி விளக்கைச் சோதித்துவிட்டு அணைத்துவிடச் சொல்லியிருந்தார்கள். நான் அணைக்கவில்லை. அணைக்க மறந்தேன் என்று போலீஸில் சொன்னேன். மறக்கவில்லை அண்ணி. வேண்டுமென்றே எரியவிட்டேன். ஏணியில் மறுபடி ஏறி, விளக்கின் முகத்தைப் பாதைப் பக்கம் திருப்பினேன். அண்ணனுக்குக் கவை வழி வரைக்குமாவது வெளிச்சம் இருக்கட்டும் என்று. முனைக்கு வேலி போடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அண்ணன் அந்தப் பக்கம் திரும்புவார் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. ஆறரை பஸ்ஸில் சேலம் இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் என்னை விடமாட்டேன் என்கிறது.

மறுநாள் காலையில் உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன். நீங்கள் உள்ளே பெண்களுக்கு நடுவில் இருந்தீர்கள். வாசலைத் தாண்டும்போது கை பழக்கத்தில் ஸ்விட்சைத் தட்டிவிட்டது. இளஞ்சிவப்பாகப் பற்றத் தொடங்கியது. சோக் போகவில்லை. யாரோ அணைத்திருக்கிறார்கள். உடனே திரும்ப அணைத்தேன். அரை மணி நேரம் கழித்து, எரிந்தது என்று நீங்கள் போலீஸிடம் சொன்னது எனக்கும் கேட்டது. உங்கள் முகத்தைப் பார்த்தேன். மறந்துவிட்டேன் என்று நான் சொன்னது அதற்குப் பிறகுதான். எதற்காக எரியவிட்டேன் என்று சொன்னால், உங்கள் விளக்கைப் பற்றிக் கேட்பார்களே.

வக்கீலிடமும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். எனக்கு என்ன, ஒரு வருடமோ இரண்டு வருடமோ. உங்களுக்கு அந்த ஊரில், அந்த அம்மாவோடு, அதே வீட்டில் காலம் முழுக்க இருக்க வேண்டும். என்மேல் கோபமாக இருந்ததுதான் உங்களை இவ்வளவு நாள் நிற்க வைத்தது என்று எனக்குத் தெரியும். அது அப்படியே இருக்கட்டும். நான் தாங்குவேன்.

இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

பைசல்


கரடியூர்,
9.3.2025

தம்பி பைசலுக்கு,

நீங்கள் சொன்ன இரண்டையும் நான் கேட்கவில்லை. கடிதம் பெட்டியில் இருக்கிறது. கோர்ட்டில் என்ன சொன்னேன் என்பதும் உங்களுக்குத் தெரியும், நீங்கள் எதிரே நின்றுகொண்டிருந்தீர்கள். "எங்கூட்டு லைட்டு எரியலைங்கய்யா. நான்தான் அணைச்சேன்" என்றபோது நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அதன் பிறகு நீதிபதி கேட்க, நீங்களும் விளக்கை எதற்காக எரியவிட்டீர்கள் என்று சொன்னீர்கள். உங்கள் குரலை இரண்டு வருடம் கழித்து அன்றுதான் கேட்டேன். நீதிபதி என்னைத் திட்டியது எனக்கு வலிக்கவில்லை. இன்னும் திட்டியிருக்கலாம்.

போன வாரம் உங்களை விடுதலை செய்துவிட்டார்கள் என்று ரிஸ்வானா கடையை விட்டு ரோட்டுக்கே வந்து சொன்னார். வேலி போடாமல் விட்ட விடுதிக்காரர் மேல் இனிப் பார்ப்பார்களாம். பார்க்கட்டும்.

நீங்கள் பார்க்காததை எழுதுகிறேன். கோர்ட்டில் இருந்து திரும்பும்போது பஸ்ஸில் அத்தை என் பக்கத்தில் உட்காரவில்லை. மூன்று சீட் முன்னால் போய் உட்கார்ந்தார். இருபது கொண்டை ஊசி வளைவும் அவருடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் தனியாக ஒரு அடுப்பு மூட்டினார். நான் வைத்த சோற்றைத் தொடவில்லை. ஊரில் சிலர் என் எதிரே வந்தால் வழி மாறிப் போகிறார்கள். கொடுத்திருந்த ரவிக்கைத் துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. அத்தை மட்டும் எதுவும் கேட்கவில்லை, ஏசவும் இல்லை. இருபத்து மூன்று நாள். அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

அந்த நாட்களில் ஜன்னல் பக்கம் அடிக்கடி உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் பொழுது சாய்வதற்குள் நட்சத்திரம் எங்கேயோ மேலே ஏறிவிடுகிறது. பாறைமுனையில் ஒன்றும் இல்லை. அங்கே ஒன்றும் இல்லை என்பதைப் பார்க்கப் பழகுவதுதான் பயத்தைவிடக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு சமயம் சும்மா "வாங்க" என்று சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவுதான்.

நேற்று சாயங்காலம் அத்தை வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். நான் தாண்டிப் போகும்போது, முறத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அன்னைக்கு என்ன சண்டை?"

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரை, சேலை கட்டி உட்கார்ந்திருந்ததை, அவர் பயந்ததாகச் சொன்னதை, நான் போனை வைத்ததை. ஒன்றையும் விடவில்லை. அத்தை புடைப்பதை நிறுத்தவில்லை. கல்லைப் பொறுக்கி எறிந்துகொண்டே இருந்தார். நான் முடித்த பிறகும் இன்னொரு முறம் புடைத்தார்.

பிறகு சொன்னார்: "அவனுக்கு ஏழு வயசு. ஆட்டுக்குட்டியத் தொலைச்சுப்போட்டு வந்தான். எனக்கு அன்னைக்கு வந்த கோவம் எங்கிருந்து வந்துச்சோ. வெளிய தள்ளித் தாப்பாள் போட்டுட்டேன். நல்ல மழை. 'அம்மா, அம்மா'ன்னு கத்தறான். கத்தட்டும்னு படுத்துட்டேன் சாமி. அப்பறம் சத்தத்தையே காணோம். கதவத் தொறந்தா ஆளில்ல. மழைக்குள்ள குட்டியத் தேடிப் போயிட்டான். நான் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ஓடுறேன், கண்ணு மண்ணு தெரியல. ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து நனைஞ்சுக்கிட்டு வந்தான், கையில குட்டிய வெச்சுக்கிட்டு."

முறத்தைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு அவன் திரும்பி வந்தான். உனக்கு வரல. வேற ஒண்ணும் இல்ல கண்ணு."

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அண்ணன் போன நாளில் இருந்து நான் அழுததெல்லாம் அழுகையே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அத்தை என்னைத் தொடவில்லை, எழுப்பவும் இல்லை. பக்கத்திலேயே இருந்தார். கேழ்வரகை அள்ளிக்கொண்டு உள்ளே போகும்போதுதான் உங்களைப் பற்றிக் கேட்டார்.

"வெளிச்சம் வெச்சுட்டுப் போனானே அந்தப் பையன், அவன எங்க? வரச் சொல்லு. நான் அவன்கிட்டப் பேசணும்."

என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. நன்றாகப் பேசுவார் என்று சத்தியம் செய்து கொடுக்க முடியாது. பெருநாளுக்கு ஏற்காடு வருவீர்கள் என்று ரிஸ்வானா சொன்னார். பகலிலேயே வாருங்கள். மனசு ஒப்பவில்லை என்றால் கவை வழியில் நின்று கூப்பிடுங்கள், நான் அங்கே வந்து கூட்டிப்போகிறேன்.

அண்ணி,
சிவரஞ்சனி